பந்தலிலேயே கைமாறும் வீடு

(வீரமுனையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

குடும்பச் சொத்துத் தகராறுகளைத் தொலைக்காட்சி எப்படிக் காட்டுகிறது என்று பேசச் சொன்னார்கள். நான் தொலைக்காட்சித் துறையில் இருந்தவன் அல்லன். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்றவன். அதன் பிறகு மத்தியஸ்த சபையில் உட்கார்ந்து வருகிறேன். அங்கே என் முன்னால் வந்த பிணக்குகளில் பாதிக்கு மேல் வீடும் வளவும் வயலும்தான். ஆகவே திரையில் பார்த்ததையும் நேரில் கேட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசப்போகிறேன்.

ஒரு சனிக்கிழமை. எங்கள் சபை கூடுவது ஒரு பாடசாலை வகுப்பறையில். முந்தின நாள் எழுதிய பின்னக் கணக்கு கரும்பலகையில் அப்படியே இருந்தது. எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு தாய் வந்து, பிள்ளைகள் உட்காரும் சின்னக் கதிரையில் சிரமப்பட்டு அமர்ந்தார். மடியிலிருந்து ஒரு தலையணை உறையை எடுத்து மேசையில் வைத்தார். உறைக்குள் பொலித்தீன் பை. பைக்குள் நாலாக மடித்த ஓர் உறுதி. மடிப்புகள் நைந்து கிழியும் பதத்தில் இருந்தன. முத்திரை ஒட்டிய இடத்தில் கடல் தண்ணீர் ஊறி மஞ்சள் கறை படிந்திருந்தது.

"ஊடு கடலோட போயிட்டு தம்பி. இத மட்டும் எடுத்துக்கிட்டு ஓடினன்" என்றார்.

அந்த வீடு அவருடைய உம்மாவிடமிருந்து அவருக்கு வந்தது. அவர் அதைத் தன் இளைய மகளுக்குக் கலியாணத்தின்போது கொடுத்தார். 2004 டிசெம்பர் 26இல் சுனாமி அதை அடித்துக்கொண்டு போனது. கரையிலிருந்து 200 மீற்றருக்குள் திரும்பக் கட்டக்கூடாது என்று அரசாங்கம் சொன்னதால் வேறிடத்தில் புதுவீடு கிடைத்தது. கிடைத்த வீட்டின் பத்திரம் மருமகன் பேரில் எழுதப்பட்டது. சில வருடங்களில் மகள் மௌத்தானார். மருமகன் மறுமணம் செய்தார். இப்போது பேத்திக்குக் கலியாணம் பேச வேண்டிய வயது. அந்தத் தாய் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "உம்மாட ஊடு எனக்கு வந்தது. என்ர ஊடு மகளுக்குப் போனது. மகள்ர ஊடு பேத்திக்குத்தானே தம்பி?"

அவருடைய ஊரையோ பெயரையோ சொல்லமாட்டேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். சபையில் பேசியது சபைக்குள்ளேயே இருக்க வேண்டும். அந்தக் கேள்வியை மட்டும் இந்த மேடைக்கு எடுத்து வந்திருக்கிறேன்.

இனித் தொலைக்காட்சிக்கு வருவோம். பிரித்தானியாவில் பிபிசி 2007ஆம் ஆண்டு தொடங்கிப் பல வருடங்கள் 'ஏர் ஹன்டர்ஸ்' என்ற நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. மரணசாசனம் எழுதாமல், உறவு என்று எவரும் தெரியாமல் இறந்துபோனவர்களின் பட்டியலை அந்த நாட்டு அரசாங்கம் வெளியிடும். அதைப் பார்த்து, வாரிசு தேடும் நிறுவனங்கள் பிறப்பு, விவாகப் பதிவுகளைக் கிளறிக்கொண்டு ஓடும். ஒன்றுவிட்ட சகோதரங்களைக் கண்டுபிடித்து, கிடைக்கும் பங்கில் ஒரு வீதம் பேசி ஒப்பம் வாங்கும். கதவைத் தட்டியவர் சொல்லித்தான் தனக்கு அப்படி ஒரு பெரியப்பா இருந்ததே சிலருக்குத் தெரியவரும். அதைப் பார்க்கும்போது எனக்குப் பணத்தில் மனம் போகவில்லை. ஒரு மனிதர் ஒரு தெருவில் நாற்பது வருடம் இருந்து, பேர் சொல்ல ஆளில்லாமல் போயிருக்கிறாரே என்ற துக்கம்தான் வந்தது.

பிரான்சின் பெத்தன்கூர் குடும்பக் கதையை நெட்பிளிக்ஸ் 2023இல் மூன்று பகுதி ஆவணத் தொடராக வெளியிட்டது. லொரேயால் நிறுவனத்தின் வாரிசான லிலியான் பெத்தன்கூர், உலகின் பெரும் பணக்காரப் பெண்களில் ஒருவர். புகைப்படக் கலைஞரான தன் நண்பர் ஒருவருக்கு அவர் அள்ளியள்ளிக் கொடுத்தார். தாயின் முதுமையைப் பயன்படுத்தி ஏமாற்றுகிறார்கள் என்று மகள் 2007இல் முறைப்பாடு செய்தார். வீட்டு வேலையாள் இரகசியமாகப் பதிவு செய்த உரையாடல்கள் 2010இல் வெளிவந்தபோது நாட்டின் அரசியலே ஆடியது. தாய் 2017இல் தான் இறந்தார். சண்டை முழுவதும் அவர் உயிரோடு இருந்தபோதே நடந்தது, உயிரோடு இருக்கும் ஒருவர் தன் கையால் கொடுத்த கொடையைப் பற்றியே நடந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கிழக்குக் கரையின் கதைக்குப் பக்கத்தில் வருவது இதுதான்.

இன்னொரு வழக்கு. இங்கிலாந்தில் ஒரு தாய் 2004இல் இறந்தார். பதினேழு வயதில் வீட்டைவிட்டுப் போன ஒரே மகளுக்கு ஒன்றும் வைக்காமல், ஏறக்குறைய 486,000 பவுணையும் பெரும்பாலும் விலங்கு நலத் தொண்டு நிறுவனங்களுக்கு எழுதி வைத்திருந்தார். வழக்கு மேலும் கீழும் போய், 2017இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் மகளுக்கு 50,000 பவுண் என்று முடித்தது. பதின்மூன்று வருடம்! தாய் ஏன் அப்படிச் செய்தார், மகள் ஏன் அப்படிப் போனாள் என்பதை எந்தத் தீர்ப்பும் சொல்லிவிட முடியாது.

தமிழில் என்ன இருக்கிறது? 'கதையல்ல நிஜம்', 'சொல்வதெல்லாம் உண்மை' என்று தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிகள் நடத்திய நிகழ்ச்சிகள் நம் வீடுகளிலும் ஓடின. நம் தாய்மார்கள் சோறு குழைத்த கையோடு உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரு மேடை, எதிரெதிரே கதிரைகள், நடுவே கேள்வி கேட்கும் ஒருவர், அழுகை, கூச்சல், சில வேளை கைகலப்பு. இதில் இரண்டாவது நிகழ்ச்சிக்கு 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. யாரும் கேளாத ஏழைப் பெண்களின் முறைப்பாட்டுக்கு அங்கே ஒரு ஒலிவாங்கி கிடைத்தது என்பதை நான் மறுக்கமாட்டேன். ஆனாலும் அந்த ஒலிவாங்கிக்கு அவர்கள் கொடுத்த விலை மிக அதிகம். தமையனும் தங்கையும் ஒருவரை ஒருவர் கள்ளன், கள்ளி என்று சொன்ன சொல்லை ஊர் முழுக்கக் கேட்ட பிறகு, அந்தத் தங்கை எந்த முகத்தோடு தமையன் வீட்டுக் கந்தூரிக்கோ சடங்குக்கோ போவாள்? தீர்ப்பு அரை மணி நேரத்தில் வந்துவிடும். யூடியூபில் அந்தச் சொல் அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் கிடைக்கும்.

இந்த நிகழ்ச்சிகள் பெரும்பாலும் ஒரு சாவில் தொடங்கும், அல்லது சாவை எதிர்பார்த்து நிற்கும். திரைப்படங்களில் சட்டத்தரணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குடும்பத்தின் முன் மரணசாசனத்தை வாசிப்பார். அப்படிக் கூட்டி வைத்து வாசிக்க வேண்டும் என்று இங்கிலாந்திலேயே சட்டம் இல்லை. அது படம் எடுப்பவர்களின் கற்பனை. நம் இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டம் கேட்பது இதுதான்: எழுதியவரின் ஒப்பம், அதோடு ஒரு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள். வேறு சடங்கு எதுவும் இல்லை.

நம் கரையில் சொத்து சாவுக்காகக் காத்திருப்பதில்லை. கலியாணப் பந்தலிலேயே கைமாறிவிடுகிறது.

இது நேற்று வந்த வழக்கம் அல்ல. மட்டக்களப்புத் தேசத்தில் முற்காலத்தில் முக்குவர் சட்டம் என்று ஒரு வழமை இருந்தது. கிறிஸ்தோபர் பிரிட்டோ அதை 1876இல் நூலாகத் தொகுத்தார். முதுசம் தாய்வழியில் இறங்கும் என்பது அதன் அடி. அதே 1876இல் வந்த 15ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், கணவன் அல்லது மனைவி இறந்தால் மற்றவருக்குப் பாதி, பிள்ளைகளுக்குச் சம பங்கு என்று பொதுவிதி வகுத்தது. தேசவழமை வடமாகாணத் தமிழருக்கானது, நமக்கில்லை. முஸ்லிம்களுக்கு மரணசாசனம் இல்லாதபோது 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச்சட்டப்படி அவரவர் மத்ஹபின் பங்கீடு. இப்படிச் சட்டப் புத்தகத்தில் தமிழரின் வீரமுனையும் முஸ்லிம்களின் சம்மாந்துறையும் இரண்டு வழியில் போகின்றன.

வேலிக்குள் வந்து பாருங்கள், இரண்டும் ஒன்று. இங்கேயும் குடி தாயால் வரும், அங்கேயும் குடி தாயால் வரும். இங்கே கோயில் வண்ணக்கர் குடிவழி வருவதுபோல அங்கே பள்ளிவாசல் மரைக்காரும் குடிவழி வந்தவர். இரண்டு ஊரிலும் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருகிறான். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் மற்றப் பிள்ளைகளோடு அதே வளவில் ஒரு கொட்டிலுக்குப் போவார்கள். பிறகு அந்தக் கொட்டில் கல்வீடாகும், அது அடுத்த மகளுக்கு. தங்கச்சிக்கு வீடு கட்டி முடிக்காமல் தனக்குக் கலியாணம் பேச விடாத தமையன்மார் இந்தப் பக்கமும் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு. கட்டாரிலும் சவூதியிலும் வெயிலில் நின்று உழைத்த காக்காமாரின் காசு எத்தனை தங்கச்சிமாரின் சுவராக நிற்கிறது! அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, தமிழர் முஸ்லிம் இருவரிடமும் உள்ள இந்த ஒற்றுமையைத் தம் 2008ஆம் ஆண்டு நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

வீரமுனைக்காரர்களுக்கு நான் இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. சீர்பாததேவி என்ற பெண்ணின் பெயரால் ஒரு குலமே வழங்குவதாக வரலாறு சொல்லும் ஊர் இது. அவள் வந்த கப்பலின் கதையோடுதான் உங்கள் சிந்தாயாத்திரைப் பிள்ளையாரின் கதையும் தொடங்குகிறது.

இந்த வழக்கத்தில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கொடுக்க வீடு இல்லாத குடும்பத்துப் பெண் முப்பத்தைந்து வயதிலும் காத்திருப்பதை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். வீட்டைக் கேட்டு வாங்கும் மாப்பிள்ளை வீட்டாரை நான் மன்னிக்கமாட்டேன். சீதனம் வேண்டாம், மஹர் கொடுத்து மணமுடியுங்கள் என்று பேசும் ஆலிம்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எல்லாம் தங்கச்சிமாருக்குப் போய்விட்டது, எனக்கு என்ன மிஞ்சியது என்று கேட்கும் ஆண்பிள்ளையின் வலியும் உண்மையானது. பிள்ளைகளுக்குக் கொடுப்பதில் நீதி வேண்டும் என்பது மார்க்கம். வசிய்யத்து என்னும் மரணசாசனக் கொடை சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படக்கூடாது என்பதும் மார்க்கம். இவற்றையெல்லாம் வீட்டுக்குள் இருந்து பேசித் தீர்க்கலாம். பேசுவதற்கு வீடு பெண்ணின் பேரில் இருக்க வேண்டும். அங்கேதான் அடி விழுந்தது.

முதல் அடி 1990இல், போரில். இந்த ஊர் எப்படி எரிந்தது, எத்தனை உயிர் போனது என்பதை முன்னால் பாயில் அமர்ந்திருக்கும் தாய்மார்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள். அதை நான் இங்கே விரித்துச் சொல்லி உங்களை அழவைக்கமாட்டேன். உயிரோடு ஓடியவர்களின் உறுதிகளும் வீட்டோடு எரிந்தன. போரினால் தங்கள் காணிக்குப் போக முடியாதவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை, மற்றவரின் பத்து வருட ஆட்சிக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்றது. ஆனால் வழக்குப் போட இரண்டே வருட அவகாசம். என்னிடம் வந்து கேட்டவர்களில் அநேகருக்கு, அந்த இரண்டு வருடமும் கழிந்த பிறகுதான் அப்படி ஒரு சட்டம் இருந்ததே தெரிந்தது.

இரண்டாவது அடி சுனாமி. இலங்கையிலே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் நம் அம்பாறை. புதுவீடு கொடுக்க வந்தவர்கள் நல்லெண்ணத்தோடு தான் வந்தார்கள். படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தில் ஆணின் பெயரை எழுதினார்கள். தலைமுறை தலைமுறையாகத் தாய்க்கும் மகளுக்கும் இருந்த வீடு, ஒரு பேனாக் கோட்டில் கணவனுக்குப் போனது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பெண்கள் அமைப்புகள் அன்றே இதைக் கண்டு குரல் எழுப்பின. சில இடங்களில் திருத்தினார்கள், பல இடங்களில் இல்லை. மருதமுனையில் தறி இருந்தது வீட்டுக்குள். வீடு கை மாறினால் தறி போடும் இடமும் கை மாறும். ஒரு பெண் உட்கார்ந்து சாரம் நெய்து உழைக்கும் இடத்தை வைத்திருப்பது யார் என்பது வெறும் பத்திரப் பிரச்சினையா?

இன்னோர் அடி இந்த இரண்டுக்கும் முன்பே விழுந்தது. கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கிய பிறகு அரச காணிக்குப் பேமிட் என்ற அனுமதிப்பத்திரம் வந்தது. அதற்கு அடிப்படை 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம். பின்னுரித்தாளர் பெயர் எழுதாமல் இறந்தால், வாரிசு வரிசையில் மகள்களுக்கு முன் மகன்களை நிறுத்தியது அது. மகளுக்கு வயல் கொடுத்து வாழ்ந்த நம் மண்ணில், எண்பத்தேழு வருடம் அந்த வரிசை நின்றது. 2022இல் தான் திருத்தினார்கள். இப்போது ஆண் பெண் பேதமில்லை. உங்கள் பேமிட்டில் பின்னுரித்தாளர் பெயர் இருக்கிறதா என்று எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்?

இனி, தாய்மார்களே, உங்களுக்கு நேரே ஒரு சொல். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு, கடைசி மகளின் விறாந்தையில் சாக்குக் கட்டிலில் கிடக்கும் தாய்களைச் சபையில் நான் பார்த்துவிட்டேன். கொடை உறுதி எழுதும்போது 'சீவிய உரித்து' என்ற இரண்டு சொல்லை எழுதச் சொல்லுங்கள். நீங்கள் உயிரோடிருக்கும் வரை அந்த வீட்டில் உங்களுக்கு உரிமை என்பது அதன் பொருள். அதைக் கேட்டால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று வெட்கப்படாதீர்கள். கொடை பெற்ற பிள்ளை கடுமையான நன்றிகெட்ட முறையில் நடந்தால், கொடையை நீதிமன்றம் மூலம் மீளப் பெற 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பெற்ற பிள்ளைக்கு எதிராக நீதிமன்றப் படி ஏற எந்தத் தாயின் கால் எழும்பும்? முதலிலேயே இரண்டு சொல் எழுதிவிடுவது மேல்.

அந்தத் தலையணை உறைத் தாயின் கதைக்குத் திரும்புகிறேன். முதல் இரண்டு அமர்வுக்கு மருமகன் வரவில்லை. மூன்றாவதற்கு வந்தார். சட்டப்படி தன் பக்கம் பலம் என்று அவருக்குத் தெரியும். மாமியார் கோபப்படவில்லை. உறுதியை விரித்து, அதில் தன் உம்மாவின் பெயர் இருந்த வரியைத் தொட்டுக் காட்டினார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. எந்த வரி என்று மட்டும் தெரியும். மருமகன் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மகளுக்கே எழுதிக் கொடுக்கிறேன், புது மனைவிக்கு வேறு இடம் பார்க்க ஒரு வருடம் தாருங்கள் என்றார். சொல்லும்போது குரல் உடைந்தது. அந்த அறையில் இருந்தவர்கள் மூன்று மத்தியஸ்தர்களும் அவர்களும்தான். ஒரு கமெரா இருந்திருந்தால் அந்த மனிதர் தலை குனிந்திருக்கமாட்டார், நிமிர்ந்து வாதாடியிருப்பார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்படியானால் ஆவணப்படமே வேண்டாமா? வேண்டும். 2011இல் பிபிசியில் ஜெரி ரொபின்சன் என்பவர், உயிரோடிருக்கும் பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒரே மேசையில் அமர்த்தி, யாருக்கு என்ன, ஏன் என்று பேசவைத்து, மரணசாசனம் எழுத உதவிய தொடர் ஒன்றை நடத்தினார். அந்த வழி நல்ல வழி. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் படிக்கும் பிள்ளைகள் இங்கே வந்திருக்கிறீர்கள். உங்கள் கைபேசியில் இருக்கும் கமெராவே போதும். சண்டை நடக்கும் வீட்டுக்குப் போகாதீர்கள். மூத்தம்மாவிடமும் அம்மம்மாவிடமும் போங்கள். இந்த வீடு யாரிடமிருந்து வந்தது, எந்த வருடம், எந்தச் சுவரை எந்த மகன் கட்டினான், எந்தப் பூவரசு வேலி எல்லை என்று கேட்டுப் பதியுங்கள். முகம் காட்ட விருப்பமில்லை என்றால் கையை மட்டும் எடுங்கள், குரலை மட்டும் எடுங்கள். படத்தை முதலில் அவர்களுக்கே போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள். வீரமுனையில் ஒன்றும் சம்மாந்துறையில் ஒன்றும் எடுத்து, இரண்டு ஊரிலும் இரண்டையும் போட்டுக் காட்டுங்கள். பக்கத்து ஊரிலும் வீடு தாயிடமிருந்துதான் மகளுக்குப் போகிறது என்பதை நம் பிள்ளைகள் பார்க்கட்டும்.

உறுதியைத் தொலைத்தவர்கள் மனம் விடவேண்டாம். நொத்தாரிசு நிறைவேற்றிய உறுதியின் இணைப்பிரதி காணிப் பதிவகத்துக்குப் போக வேண்டும் என்பது சட்டம். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகியவை தெரிந்தால் கல்முனைக் காணிப் பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். மண்டபத்தின் பின்பக்கம் ஒரு மேசை போட்டிருக்கிறோம். இரண்டு ஆசிரியைகள் இருக்கிறார்கள். விண்ணப்பத்தை அவர்கள் எழுதித் தருவார்கள். பாயில் இருக்கும் தாய்மார்கள் முதலில் வாருங்கள்.